கடைமடை வரை சோதனை

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அண்ணன் போனில் கூப்பிட்டு, "இருபது நிமிஷம் பேசணும்ப்பா, பசங்களுக்குப் பயன்படற மாதிரி இருக்கட்டும்" என்றார். என்ன தலைப்பு என்று கேட்டேன். "இப்ப எல்லாரும் ஏ.ஐ. பத்தித்தானே பேசறாங்க, நீயும் அதையே பேசிடு" என்றார். அதைப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த மேடையிலேயே இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது ஒரு சின்ன வேலை. பிரவுசருக்குள் செருகிக்கொள்ளும் எக்ஸ்டென்ஷன் வகை கிரிப்டோ வாலட்டில் பிழை திருத்துவதும், திருத்திய பிழை மறுபடி தலைகாட்டாமல் இருக்க டெஸ்ட் எழுதுவதும். சில ஆண்டுகளாக அதுதான் என் பிழைப்பு, அதையே பேசுகிறேன் என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "டெஸ்டிங்கா?" என்றார்.

அந்த "டெஸ்டிங்கா?" என்ற கேள்வியின் சுருதி இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். கேம்பஸில் வேலை கிடைத்து, டிரெயினிங் முடிந்து, புராஜெக்ட் ஒதுக்கும் நாளில் டெவலப்மென்ட் கிடைத்தவன் உடனே ஊருக்குப் போன் போடுவான். டெஸ்டிங் கிடைத்தவன் நாலு நாள் கழித்து, "ஐ.டி.யில இருக்கேன்மா" என்று பொதுவாகச் சொல்லி வைப்பான். கோடு எழுதுகிறவன் கொத்தனார், டெஸ்ட் செய்கிறவன் சித்தாள் என்று நாமே ஒரு வருணாசிரமத்தை உண்டாக்கி வைத்திருக்கிறோம். எந்தத் தொழிலில் இது சரியோ தவறோ, வாலட் தொழிலில் இந்த எண்ணத்தோடு வேலை செய்தால் யாரோ ஒருவருடைய சேமிப்பு போய்விடும். ஏன் என்று சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு வார்த்தை. கிரிப்டோ வாங்குங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. 2022 ஏப்ரல் 1 முதல் இதில் வரும் லாபத்துக்கு 30 சதவீதம் வரி. ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழித்துக்கொள்ளவும் முடியாது. 2022 ஜூலை 1 முதல் 1 சதவீதம் டி.டி.எஸ். வேறு. அப்பா சம்பா நெல் போட்டு வந்த காசை எடுத்து இதில் போட்டுவிட்டு என் பெயரைச் சொல்லாதீர்கள். நான் பேசுவது பொறியியல்.

வாலட் என்ற பெயரே கொஞ்சம் ஏமாற்றுகிறது. பர்ஸ் என்றால் உள்ளே பணம் இருக்க வேண்டும். இதில் பணம் கிடையாது. யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே மாதிரி எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கணக்கில் ஒரு வரியை மாற்ற உரியவரின் கையெழுத்து வேண்டும். அந்தக் கையெழுத்தைப் போடுவதுதான் வாலட்டின் வேலை. பத்திரப்பதிவு ஆபீசில் தாத்தாவின் கட்டைவிரலை மையில் ஒற்றி எடுப்பார்களே, அந்தக் கட்டைவிரல் மாதிரி. நிலம் விரலில் இல்லை, ஆனால் விரல் இல்லாமல் நிலம் கைமாறாது. 2016-இல் வந்த மெட்டாமாஸ்க் இந்தக் கட்டைவிரலை பிரவுசருக்குள் கொண்டுவந்து வைத்தது. சினிமா டிக்கெட் எடுக்கிற, யூடியூப் பார்க்கிற, எந்தெந்தத் தளத்தின் நிரலோ ஓடுகிற அதே குரோமுக்குள், ஒரு ஓரத்தில் இந்தக் கட்டைவிரல் உட்கார்ந்திருக்கிறது. யோசித்துப் பார்த்தால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

முதன்முறை வாலட்டைத் திறக்கும்போது 12 ஆங்கிலச் சொற்களைக் காட்டும். 2,048 சொற்கள் கொண்ட ஒரு நிலையான பட்டியலிலிருந்து குலுக்கி எடுத்தவை. அந்த 12 சொற்களும் யார் கையில் இருக்கின்றனவோ அவரே உரிமையாளர். "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" என்று பட்டனை அழுத்தினால் சொற்களை மீட்டுத் தர யாரும் இல்லை. வங்கியில் தவறான கணக்குக்குப் பணம் போனால் மேனேஜரைப் பார்க்கலாம், அவர் அசையவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். இங்கே போனது போனதுதான். ஆகவே தவறைத் திருப்பி எடுக்கக்கூடிய ஒரே இடம், அந்த நிரல் வெளியே போவதற்கு முன்னால் நாங்கள் நடத்தும் சோதனைக்களம்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். மெதுவாக வந்துகொண்டிருக்கிறது, அதுவும் நம் உயர் நீதிமன்றத்தின் வழியாகவே. 2024 ஜூலை 18-ஆம் தேதி வாசிர்எக்ஸ் என்ற இந்திய கிரிப்டோ சந்தையிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் திருடுபோயின. சந்தை மொத்தமாக முடக்கப்பட்டது. சென்னையைச் சேர்ந்த ஒரு முதலீட்டாளர் அங்கே சுமார் 2 லட்சம் ரூபாய்க்கு எக்ஸ்.ஆர்.பி. என்ற நாணயம் வாங்கி வைத்திருந்தார். திருடுபோனது வேறு வகை நாணயம். ஆனாலும் அவருடையதும் சேர்ந்து முடங்கியது. அவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2025 அக்டோபரில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ நாணயம் என்பது தொட்டுப் பார்க்கும் பொருளோ அரசுப் பணமோ இல்லாவிட்டாலும் அதுவும் ஒரு சொத்துதான், அதை ஒருவருக்காக இன்னொருவர் நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்க முடியும் என்று சொல்லி அவருக்கு இடைக்காலப் பாதுகாப்பு அளித்தார். நல்ல தீர்ப்பு. ஆனால் அது ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்து வைத்திருந்த சொத்து. வழக்குப் போட எதிரே ஒருவர் இருந்தார். உங்கள் பிரவுசரில் நீங்களே சாவியை வைத்துக்கொள்ளும் வாலட்டில், நிரலின் பிழையால் பணம் போனால் யார் மேல் வழக்குப் போடுவது?

வாசிர்எக்ஸ் விவகாரத்தில் எங்களைப் போன்றவர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி வேறு ஒன்று. அந்தப் பணத்தை எடுக்க ஒருவர் கையெழுத்துப் போதாது, பலர் போட வேண்டும் என்றுதான் ஏற்பாடு இருந்தது. கையெழுத்தும் முறைப்படியே விழுந்தது. திரையில் தெரிந்தது ஒன்று, உண்மையில் கையெழுத்தானது வேறொன்று என்று வாசிர்எக்ஸ் சொன்னது. பாதுகாப்புச் சேவை தந்த லிமினல் நிறுவனம் தன் பக்கம் தவறில்லை என்று மறுத்தது. யார் சொல்வது சரி என்ற பஞ்சாயத்துக்குள் நான் போகவில்லை. "திரையில் காட்டுவதும் கையெழுத்திடுவதும் ஒன்றுதானா" என்ற கேள்விக்கு ஒவ்வொரு வாலட்டிலும் ஒரு டெஸ்ட் இருந்தாக வேண்டும். தாத்தாவுக்குப் படித்துக் காட்டிய பத்திரமும் ரேகை வைத்த பத்திரமும் ஒன்றுதானா என்று பார்ப்பது போல. ஒரு தளம் உங்கள் நாணயத்தை எடுத்துக்கொள்ள அனுமதி கேட்கும்போது, 'வரம்பில்லாமல்' என்பதைக் குறிக்க 78 இலக்கங்கள் கொண்ட ஒரு எண்ணை அனுப்பும். சின்ன ஜன்னலில் 78 இலக்கம் அடங்காது. முதல் சில இலக்கங்களைக் காட்டிவிட்டு மீதியை மூன்று புள்ளியாகச் சுருக்கிவிட்டால், பார்க்கிறவருக்கு அது ஏதோ சிறிய தொகையாகத் தெரியும். நிரல் சரி, கணக்கு சரி, கையெழுத்து சரி, ஆனால் மனிதர் ஏமாந்துவிட்டார். இதையும் பிழை என்று எழுதி வைக்க ஒருவர் வேண்டும்.

டெஸ்ட்களில் வகை உண்டு. நம்ம ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது ரொம்ப சுலபம். மேட்டூரில் வழக்கப்படி ஜூன் 12-ஆம் தேதி தண்ணீர் திறந்தால் மூன்று நான்கு நாளில் கல்லணைக்கு வந்துவிடும். அங்கே பூத்தூவி வெண்ணாற்றுக்கும் புது ஆற்றுக்கும் திறந்துவிடுவார்கள், மறுநாள் பேப்பரில் படம் வரும். பேராவூரணிப் பக்கத்துக் கடைமடை விவசாயி அந்தப் படத்தைப் பார்த்து நாற்றங்கால் போட்டுவிடுவாரா? மாட்டார். தன் வாய்க்காலில் தண்ணீர் வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவருக்கு அது செய்தி. ஒவ்வொரு மதகின் ஷட்டரும் ஏறி இறங்குகிறதா என்று தனித்தனியாகப் பார்ப்பது யூனிட் டெஸ்ட். மேட்டூரில் விட்ட தண்ணீர் கடைமடையில் வந்து விழுகிறதா என்று பார்ப்பது எண்ட்-டு-எண்ட் டெஸ்ட். எங்கள் குழுவில் இருந்த இரண்டு தமிழ்ப் பையன்களுக்கு நான் இதைச் சொன்ன நாளிலிருந்து அவர்கள் அதைக் கடைமடை டெஸ்ட் என்றுதான் சொல்வார்கள். நிஜமான குரோமைத் திறந்து, எக்ஸ்டென்ஷனைச் செருகி, மனிதன் அழுத்துவது போலப் பட்டன்களை அழுத்தி, கணினிக்குள்ளேயே ஓடும் ஒரு போலிச் சங்கிலியில் பணம் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். செலினியம் போன்ற கருவிகள் அதற்குத்தான். இன்னொன்றும் உண்டு. ஷட்டர் பழுது பார்ப்பது, கிரீஸ் போடுவது, தூர் வாருவது எல்லாம் ஆற்றில் தண்ணீர் இல்லாத கோடையிலேதான் முடியும். தண்ணீர் வந்த பிறகு ஷட்டர் சிக்கினால் கரையில் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான்.

இனி சில பிழைகளைப் பார்ப்போம். முதலில் சாதாரணக் கணக்கு. ஒரு ஈத்தர் என்பது 1-க்குப் பின்னால் 18 பூஜ்யம் போட்ட வெய். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண்கள் 9,007 லட்சம் கோடி வரைதான் முழு எண்களைப் பிசகில்லாமல் வைத்துக்கொள்ளும். ஒரு ஈத்தரில் நூறில் ஒரு பங்கை வெய்யாக எழுதினாலே அந்த எல்லையைத் தாண்டிவிடும். தாண்டினால் கடைசி இலக்கங்களை நம்ப முடியாது. "இருப்பு முழுவதையும் அனுப்பு" என்ற பட்டனை அழுத்தினால், இருப்பைவிட நூலிழை அதிகமாக அனுப்பப் பார்த்து, "போதிய பணம் இல்லை" என்று முரண்டு பிடிக்கும். இதற்குப் பிக்இன்ட் போன்ற பெரிய எண் வகைகள் இருக்கின்றன. அது எல்லோருக்கும் தெரிந்த தீர்வு. தெரியாதது வேறு. தொகைக் கட்டத்தில் நம்மவர் ஒருவர் 1,00,000 என்று கமாவோடு அடித்தால் என்ன ஆகும்? ஜாவாஸ்கிரிப்டின் பார்ஸ்ஃப்ளோட் என்ற ஃபங்ஷனிடம் அதைக் கொடுத்துப் பாருங்கள். முதல் கமாவோடு நின்றுவிட்டு, பதில் 1 என்று சொல்லும். ஒரு லட்சம் ஒரு ரூபாயாகிவிடும். ஐரோப்பாவில் பல நாடுகளில் கமாதான் தசமப் புள்ளி, அங்கே கதை வேறு மாதிரிக் கெடும். இப்படி ஒரு டெஸ்ட் எழுத வேண்டும் என்று தோன்றுவதற்கு லட்சம், கோடி என்று எண்ணிப் பழகிய ஒருவர் அந்தக் குழுவில் இருக்க வேண்டும். தமிழ் இடைமுகமும் அப்படியே. ஆங்கிலத்தில் 'கன்ஃபர்ம்' என்று அடங்கிய பட்டனில் 'உறுதிப்படுத்து' அடங்காது. கட்டணத்தைக் குறிக்கும் 'கேஸ்' என்ற சொல்லை யாராவது அகராதி பார்த்து 'வாயு' என்று போட்டுவிட்டால், "உங்கள் வாயு போதவில்லை" என்று வாலட் சொல்லும். சிரிக்கிறீர்கள். படிக்கிறவர் சிரித்துவிட்டு அழுத்தாமல் விட்டால் பரவாயில்லை, புரியாமல் அழுத்தினால்தான் ஆபத்து.

அடுத்தது எனக்கு மிகவும் பாடம் சொன்ன வழக்கு. 2022 நவம்பரில் ட்ரஸ்ட் வாலட் தன் பிரவுசர் எக்ஸ்டென்ஷனை வெளியிட்டிருந்த சமயம். 12 சொற்களைக் குலுக்கி எடுக்கும் இடத்தில் ஒரு குறை. முறையாகக் குலுக்கினால் 34-க்குப் பின்னால் 37 பூஜ்யம் போட்ட அளவுக்குச் சாத்தியங்கள். அந்த எக்ஸ்டென்ஷனில் மெர்சென் ட்விஸ்டர் என்ற சாதாரண எண் உற்பத்தி முறையை 32 பிட் விதையோடு பயன்படுத்தியிருந்தார்கள். விதை 32 பிட் என்றால் மொத்தச் சாத்தியமே சுமார் 429 கோடிதான். கணினிக்கு அது பெரிய எண்ணே இல்லை, வரிசையாகப் போட்டுப் பார்த்துவிடலாம். லெட்ஜர் நிறுவனத்தின் டான்ஜான் ஆய்வுக் குழு இதைக் கண்டுபிடித்துத் தெரிவித்தது. 2022 நவம்பர் 14 முதல் 23 வரை அந்த எக்ஸ்டென்ஷனில் உண்டாக்கிய வாலட்கள் ஆபத்தில் இருப்பதாக 2023 ஏப்ரலில் நிறுவனமே பகிரங்கமாக அறிவித்தது. அதற்குள் சுமார் 1,70,000 டாலர் திருடுபோயிருந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு ஈடுகட்டுவதாக நிறுவனம் சொன்னது.

இங்கே மாணவர்களிடம் ஒரு கேள்வி. இந்த இடத்துக்கு நீங்கள் டெஸ்ட் எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பீர்கள்? சொற்கள் 12 இருக்கின்றனவா? இருக்கின்றன. எல்லாம் பட்டியலில் உள்ளவையா? ஆம். கடைசிச் சொல்லில் ஒளிந்திருக்கும் சரிபார்ப்பு எண் பொருந்துகிறதா? பொருந்துகிறது. இரண்டு முறை உண்டாக்கினால் வேறு வேறாக வருகிறதா? வருகிறது. எல்லாம் பச்சை. சரி, கெட்டிக்காரத்தனமாக 10,000 வாலட் உண்டாக்கி எதுவும் இரட்டிக்கவில்லை என்று பார்ப்போம் என்றால், நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது தடவை அதுவும் தேறிவிடும். சுமார் 77,000 வாலட் உண்டாக்கினால்தான் இரண்டு ஒன்றாக இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இரண்டாம் வருஷக் கணக்கில் படித்த பிறந்தநாள் புதிர்தான் இது, பரீட்சை முடிந்ததும் மறந்துபோனது. ஆக, விளைவை எத்தனை முறை பார்த்தாலும் இந்தப் பிழை கண்ணில் படாது. பிறப்பிடத்தைப் பார்க்க வேண்டும். பிரவுசர் தரும் பாதுகாப்பான குலுக்கல் மூலத்தை நிரல் கூப்பிடுகிறதா, 16 பைட் முழுதாக வாங்குகிறதா, அந்த மூலத்துக்குப் பதில் நாம் ஒரு தெரிந்த மூலத்தைச் சொருகினால் சொற்களும் அதற்கேற்ப மாறுகின்றனவா என்று சோதிக்க வேண்டும். அப்படி ஒரு டெஸ்ட் பத்துப் பதினைந்து வரிதான் வரும். அதை எழுதத் தோன்றுவதற்கு, டெஸ்ட் எழுதுகிறவர் கோடு எழுதுகிறவரைவிட ஒரு படி ஆழமாக யோசித்திருக்க வேண்டும்.

யாருமே தப்பாகக் கோடு எழுதாமலும் பிழை வரும். 2022 ஜூனில் ஹால்போர்ன் என்ற பாதுகாப்பு நிறுவனம் மெட்டாமாஸ்க், ஃபேண்டம் முதலான பல வாலட்களில் ஒரே குறையைச் சொன்னது. பிரவுசர் திடீரென்று மூடிக்கொண்டால் நாம் அடித்துக்கொண்டிருந்ததைத் திரும்பத் தருவதற்காக, கட்டங்களில் உள்ள எழுத்தை அது வட்டில் சேமித்து வைக்கும். பாஸ்வேர்டு வகைக் கட்டத்தை மட்டும் சேமிக்காது. 12 சொற்களையும் சாதாரணக் கட்டத்தில் அடித்தால் அவையும் பூட்டில்லாமல் வட்டில் போய் உட்கார்ந்துவிடும். பிரவுசரைச் செய்தவர் நல்லது செய்தார், வாலட்டைச் செய்தவரும் நல்லதுதான் செய்தார், இரண்டும் சேர்ந்த இடத்தில் ஓட்டை விழுந்தது. மதகு மதகாகச் சோதித்தால் இது அகப்படாது.

இப்போது என் அனுபவத்தில் ஒன்று. வாலட்டின் பெயர் வேண்டாம். நான் அந்தக் குழுவில் சேர்ந்தபோது அவர்களிடம் நூற்றுக்கணக்கான டெஸ்ட்கள் இருந்தன. அதில் ஒரு கடைமடை டெஸ்ட், பணம் அனுப்பி உறுதி செய்வது, பதினைந்து தடவைக்கு ஒரு தடவை விழும். ஆங்கிலத்தில் இதை 'ஃப்ளேக்கி' என்பார்கள், நம்ம பாஷையில் சண்டிமாடு. என்ன செய்தார்கள் என்றால், விழுந்தால் தானாகவே மூன்று முறை மறுபடி ஓட்டும்படி ஒரு ஏற்பாடு. மூன்றில் ஒரு தடவையாவது பச்சை வந்தால் நிரல் வெளியே போகலாம். எல்லாக் கம்பெனியிலும் நடக்கிற கதைதான். பரீட்சையில் பெயிலானால் அதே கேள்வித்தாளை அப்போதே மறுபடி கொடுத்து, பாஸ் வரும்வரை எழுத விடுவது மாதிரி.

எனக்கு ஒரு வாரம் கொடுங்கள் என்று கேட்டேன். முகம் சுளித்துக்கொண்டே கொடுத்தார்கள். மறு ஓட்டத்தை நிறுத்திவிட்டு, இரவில் அந்த ஒரு டெஸ்டை மட்டும் 200 தடவை ஓடவிட்டேன். 11 தடவை விழுந்தது. விழுந்த 11-இலும் பதிவேட்டில் ஒரே வரி பொதுவாக இருந்தது: வாலட்டின் பின்னணி நிரல் நடுவில் ஒருமுறை செத்து எழுந்திருக்கிறது. குரோமின் இப்போதைய விதிப்படி, எக்ஸ்டென்ஷனின் பின்னணி நிரல் 30 விநாடி சும்மா இருந்தால் குரோம் அதை நிறுத்திவிடும். வெளியே கேட்ட தகவலுக்குப் பதில் வர 30 விநாடிக்கு மேல் ஆனாலும் நிறுத்திவிடும். வேலை வந்தால் புதிதாக எழுப்பும். எழும்போது அதற்குப் பழைய ஞாபகம் எதுவும் இருக்காது.

அடுத்து, விழுந்தபோது போலிச் சங்கிலியில் என்னதான் எழுதப்பட்டிருக்கிறது என்று திறந்து பார்த்தேன். ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் செக் இலைக்கு இருப்பது போல ஒரு வரிசை எண் உண்டு. ஒரு தடவைதான் அனுப்பச் சொல்லியிருந்தோம். 7-ஆம் எண்ணில் ஒன்று, 8-ஆம் எண்ணில் ஒன்று, இரண்டு இருந்தன. ஒரே தொகை, ஒரே முகவரி. டெஸ்ட் முரண்டு பிடிக்கவே இல்லை. பணம் நிஜமாகவே இரண்டு முறை போயிருந்தது, அதைத்தான் அது மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தது.

நடந்தது இது. பயனர் உறுதிப் பட்டனை அழுத்துகிறார். பின்னணி நிரல் கையெழுத்திட்டு அனுப்பிவிடுகிறது. அனுப்பியது போய்ச் சேர்ந்துவிட்டது, 'சேர்ந்தது' என்ற பதில் மட்டும் தாமதமாகிறது. 30 விநாடி ஆனதும் குரோம் பின்னணி நிரலை நிறுத்துகிறது. முன்னால் இருக்கும் ஜன்னல், தொடர்பு அறுந்துவிட்டதே என்று அதை எழுப்பி, அதே கோரிக்கையைத் திரும்பக் கொடுக்கிறது. தூங்கி எழுந்தவருக்கு முன்கதை தெரியாது. அடுத்த வரிசை எண் என்ன என்று கேட்டு, இன்னொரு செக் எழுதிவிடுகிறது. பெங்களூரு ஆபீஸ் நெட்டில் இது வரவே வராது. டெஸ்ட் ஓடிய இயந்திரம் நெரிசலில் மெதுவாகும்போதும், நெட் இழுத்துக்கொண்டு நிற்கும் ஊர்களிலும்தான் வரும். கடைமடைக்காரருக்கு மட்டுமே வரும் நோய்.

திருத்தம் 20 வரிகூட இல்லை. ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஜன்னலிலேயே ஒரு அடையாள எண் கொடுத்து, கையெழுத்துக்கு முன்னால் அதை அழியாத இடத்தில் எழுதி வைப்பது. அதே எண் மறுபடி வந்தால் புதிதாக எதுவும் செய்யாமல், முன்பு போனதன் நிலையை மட்டும் விசாரித்துச் சொல்வது. அதற்கான டெஸ்ட்தான் நீளம். அதிர்ஷ்டத்தை நம்பிக் காத்திருக்காமல், கையெழுத்துக்கு முன், கையெழுத்துக்குப் பின், அனுப்பிய பின் என்று மூன்று இடங்களில் பின்னணி நிரலை நாங்களே வேண்டுமென்று கொன்று பார்க்கிற டெஸ்ட். அதன் பிறகு அந்தச் சண்டிமாடு ஒருநாளும் படுக்கவில்லை.

பிறகு பழைய புகார்களைத் தேடினேன். இரண்டு இருந்தன. "நான் ஒரு முறைதான் அழுத்தினேன், இரண்டு முறை போய்விட்டது" என்று ஒருவர் எழுதியிருந்தார். "பயனர் இரட்டைச் சொடுக்கு" என்று முத்திரை குத்தி அதை மூடியிருந்தார்கள். அவர் மறுபடி எழுதியிருந்தார், பொறுமையாக, ஸ்கிரீன்ஷாட் எல்லாம் வைத்து. அதுவும் மூடப்பட்டிருந்தது. இரண்டையும் திறந்து, தவறு எங்கள் பக்கம்தான் என்று குழுவின் சார்பில் எழுதினோம். ஒருவர் பணம் அனுப்பியது நண்பருக்கு என்பதால் திருப்பி வாங்கிவிட்டாராம். இன்னொருவரிடமிருந்து பதில் வரவில்லை. அவர் இப்போது வாலட்டே பயன்படுத்துகிறாரோ என்னவோ. அந்த மூடிய புகார் இன்னும் என் மனசில் இருக்கிறது. பயனர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், விழுந்த டெஸ்டை ஒரு தடவை ஒழுங்காகப் படித்திருக்கலாம்.

டெஸ்ட் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. 2025 டிசம்பரில் அதே ட்ரஸ்ட் வாலட்டின் குரோம் எக்ஸ்டென்ஷன், 2.68 என்ற பதிப்பு, விஷம் கலந்து வெளியானது. 70 லட்சம் டாலருக்கு மேல் போயிற்று. வெளியிடுவதற்கான சாவி திருடர் கையில் சிக்கியதால், நிறுவனத்தின் வழக்கமான சோதனை வாசல் வழியாக வராமலேயே அந்தப் பதிப்பு கடைக்குப் போய்விட்டது. கொல்லைப்புறக் கதவு திறந்திருந்தால் வாசலில் எத்தனை காவல் வைத்து என்ன பயன்? அது வேறு துறை, அதைப் பேச வேறு ஆளைக் கூப்பிடுங்கள்.

மாணவர்களுக்கு உடனடியாகப் பயன்படும் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். மெட்டாமாஸ்க் போன்ற வாலட்களின் மூல நிரல் கிட்ஹப்பில் எல்லோரும் படிக்கும்படி இருக்கிறது. அதன் டெஸ்ட்களும், தெரிந்த பிழைகளின் பட்டியலும் கூடவே இருக்கின்றன. விசா வேண்டாம், சென்னைக்கு டிரெயின் டிக்கெட்கூட வேண்டாம், ஹாஸ்டல் நெட் போதும். முதலில் ஒரு பிழையை உங்கள் கணினியில் வரவழைத்துப் பாருங்கள். பாதி வேலை அதுதான். வரவழைக்க முடிந்தால், அது வருவதைக் காட்டும் டெஸ்டை எழுதுங்கள். அது சிவப்பாக விழுவதைப் பார்த்த பிறகே திருத்தத்தில் கை வையுங்கள். திருத்திய பின் பச்சையானால் சரி. பிறகு திருத்தத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட்டு, மறுபடி சிவப்பாகிறதா என்றும் பாருங்கள். பலர் இந்தக் கடைசிப் படியைச் செய்வதில்லை. எப்போதும் பச்சையாகவே இருக்கும் டெஸ்ட், ரிப்பேரான டெம்போவின் பெட்ரோல் முள் மாதிரி.

உங்கள் சொந்த 12 சொற்களைச் சோதனைக்கு ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். சோதனைக்கென்றே உலகறிந்த சொற்றொடர்கள் இருக்கின்றன. 'டெஸ்ட்' என்ற சொல் 11 தடவை, கடைசியில் 'ஜங்க்' என்று ஒன்று எல்லாக் குழுவினரும் பயன்படுத்துவது. உலகத்துக்கே தெரிந்த சாவி என்பதால், அந்த முகவரிக்கு யாராவது நிஜப் பணம் அனுப்பினால் அதை அள்ளுவதற்கென்றே நிரல்கள் காத்துக்கொண்டிருக்கின்றன. ஆகவே நிஜப் பணத்தை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

நம் துறையின் லேபில் டெஸ்டிங் என்பது கடைசி செமஸ்டரில், மார்க் குறைவான ஒரு பேப்பராக இருந்தது எங்கள் காலத்தில். இப்போது எப்படி என்று தெரியவில்லை. பேராசிரியர்களிடம் ஒரு விண்ணப்பம்: புராஜெக்ட் மதிப்பீட்டில் நிரலுக்கு எவ்வளவு மார்க்கோ, அந்த நிரலை விழவைக்கும் டெஸ்ட் எழுதிய வேறு குழுவுக்கும் அவ்வளவு மார்க் கொடுத்துப் பாருங்கள். ஒரே ஒரு பேட்ச்சில் செய்து பாருங்கள், போதும்.

நான் நாளை மாலை வரை தஞ்சாவூரில்தான் இருக்கிறேன். காலை பத்து மணிக்குக் கம்ப்யூட்டர் லேபைத் திறந்து வைப்பதாகத் துறைத் தலைவர் சொல்லியிருக்கிறார். வருகிறவர்கள் லேப்டாப்போடு வாருங்கள். நான் மூன்று பிழைகளைக் குறித்து வைத்திருக்கிறேன், மூன்றும் இன்னும் திருத்தப்படாதவை. உட்கார்ந்து ஒன்றையாவது சிவப்பாக்கிப் பார்ப்போம்.